வக்கீலாக வேண்டுமா? முதலில் வேறொன்றைப் படியுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் குத்தம்பாக்கத்தில் எனக்குத் திடீர் மவுசு வந்துவிடும். நான் வாத்தியார் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்து நீதிமன்றங்களில் காப்பியிஸ்ட்டாகச் சேர்ந்து, பெஞ்ச் கிளார்க்காகி, சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். கோர்ட்டிலேயே கிடந்தவனுக்கு வக்கீல் படிப்பைப் பற்றித் தெரியாமலா இருக்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "சார், பொண்ணு வக்கீலுக்குப் போகணும்ன்றா. அதுக்கு எந்த டிகிரி எடுத்தா தோதா இருக்கும்? இல்ல, நேரா அஞ்சு வருஷத்துலயே போட்டுடலாமா?"

நான் சொல்கிற பதில் பலருக்குப் பிடிப்பதில்லை. சட்டத்தை மனசில் வைத்து டிகிரி எடுக்காதீர்கள். கணக்கோ கெமிஸ்ட்ரியோ சரித்திரமோ, ஒரு பாடத்தை உருப்படியாகப் படிக்கட்டும். சட்டக் கல்லூரி எங்கேயும் ஓடிப்போகாது. எங்கள் மாவட்டத்துக்கு அது தேடிக்கொண்டே வந்துவிட்டது. உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருந்த சென்னை அரசு சட்டக் கல்லூரியை 2018-ல் இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் புதுப்பாக்கத்துக்கும் மற்றொன்றைத் திருவள்ளூரை அடுத்த பட்டரைப்பெரும்புதூருக்கும் கொண்டுபோனார்கள். வகுப்பு முடிந்ததும் நான்கு எட்டு நடந்து ஹைகோர்ட்டில் வாதம் கேட்ட காலம் அதோடு போயிற்று. மாணவர்கள் போராடியும் பார்த்தார்கள். குத்தம்பாக்கத்துப் பிள்ளைக்கு மட்டும் கல்லூரி பக்கத்தில் வந்தது லாபம்.

என் அபிப்பிராயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். வக்கீல்களை நீதிபதி பார்ப்பது வாதாடும்போது. நாங்கள் பார்ப்பது, அவர்கள் எழுதிய பிராது மேஜையில் வந்து விழும்போது. ஒரு பிராது நம்பர் ஆவதற்கு முன்னால் எங்கள் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். கோர்ட் கட்டணம் சரியா, காலவரம்பு தாண்டவில்லையா, சொத்து விவரத்தில் செக்குபந்தி பொருந்துகிறதா, வழக்குமூலம் எந்தத் தேதியில் எழுந்தது என்று பார்த்து, குறை இருந்தால் காரணம் எழுதித் திருப்புவோம். அப்படித் திருப்பிய கட்டுகளை நினைத்துப் பார்க்கிறேன். சட்டம் தெரியாததால் திரும்பியவை அதில் கொஞ்சம்தான். பிரிவை ஜூனியர்கள் சரியாகவே போட்டிருப்பார்கள். கூட்டல் தப்பாக இருக்கும், தேதி உதைக்கும், நிலத்தின் அளவு இடிக்கும்.

ஒரு பாகப்பிரிவினை வழக்கு இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. கிரயப் பத்திரத்தில் நிலம் ஒரு ஏக்கர் 20 சென்ட். பட்டாவில் 0.48.5 என்று இருந்தது. பிராது தயாரித்த இளைஞர் பட்டாவைப் பார்த்து, சொத்து விவரத்தில் 48½ சென்ட் என்று எழுதிவிட்டார். பட்டாவில் இருப்பது ஹெக்டேர் கணக்கு. 0.48.5 என்றால் நாற்பத்தெட்டரை ஏர். ஒரு ஏருக்கு 2.47 சென்ட். பெருக்கினால் ஒரு ஏக்கர் 20 சென்ட்தான் வருகிறது. பத்திரமும் பட்டாவும் ஒன்றையேதான் சொல்கின்றன. அவர் எழுதியபடியே கோர்ட் டிக்ரி ஆகியிருந்தால் 71½ சென்ட் காகிதத்திலிருந்தே காணாமல் போயிருக்கும். புதுப் பேருந்து முனையம் என்று சொல்லிச் சொல்லியே மனை விலை ஏறிக்கொண்டிருக்கிற எங்கள் பக்கத்தில் 71½ சென்ட் என்ன பெறும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தம்பிக்குச் சொத்து மாற்றுச் சட்டம் தலைகீழ்ப் பாடம். தாலுகா ஆபீஸ் காகிதம் ஒன்றைக் கையில் வாங்கிப் படித்துப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

சரி, படிப்புக்கு வருகிறேன். வழி இரண்டு. பிளஸ் டூ முடித்ததும் சேர்கிற ஐந்தாண்டுப் படிப்பு ஒன்று. ஏதாவது ஒரு டிகிரி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்கிற மூன்றாண்டு எல்.எல்.பி. மற்றொன்று. ஐந்தாண்டு பி.ஏ.எல்.எல்.பி. அரசு சட்டக் கல்லூரிகளில் இருக்கிறது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.காம்., பி.பி.ஏ., பி.சி.ஏ. ஆகியவற்றோடு சேர்ந்த ஹானர்ஸ் படிப்புகளும் உண்டு. இவற்றுக்கெல்லாம் நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான். திருச்சியில் இருக்கிற தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குத்தான் கிளாட் எழுத வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு டிகிரியில் வாங்கிய மார்க்கை வைத்து இடம் கொடுக்கிறார்கள்.

ஐந்தாண்டுப் படிப்பை நான் குறை சொல்லவில்லை. பதினேழு வயதிலேயே "எனக்கு இதுதான்" என்று தெளிவாக இருக்கிற பிள்ளை, பாடத்தைத் தானாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய பிள்ளை, தாராளமாகப் போகட்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-ல் வந்த சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீடு சட்டப் படிப்புக்கும் இருக்கிறது. நல்ல மார்க் இருக்கும்போது அதை விட்டுவிடு என்று எந்த வாயால் சொல்வது?

ஆனால் ஒரு விஷயத்தை எந்தக் குடும்பமும் விசாரித்துக்கொண்டு வருவதில்லை. இந்திய பார் கவுன்சிலின் 2008-ம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் 13-வது விதி என்று ஒன்று இருக்கிறது. ஐந்தாண்டுப் படிப்பின் நடுவில் நின்றால், படித்தவரைக்கும் பி.ஏ. என்று பிரித்துக் கொடுக்க மாட்டார்கள். அதேபோல, "நான்தான் டிகிரி முடித்துவிட்டேனே" என்று சொல்லி நடுவில் நுழையவும் முடியாது. மூன்றாம் வருஷத்தில் அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது, அல்லது இருங்காட்டுக்கோட்டைக் கம்பெனி ஆட்களைக் குறைக்கிறது, அல்லது பெண்ணுக்கு நல்ல இடம் வந்துவிட்டது என்று வீட்டில் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் இதெல்லாம் நடக்காத காரியமா? அப்போது அந்தப் பிள்ளையின் கையில் இருப்பது பிளஸ் டூ சர்டிபிகேட்தான். மூன்று வருஷ டிகிரியை முதலில் முடித்தவளுக்கு இருபது இருபத்தொரு வயதில் ஒரு பட்டம் கைக்கு வந்துவிடுகிறது. டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், வேலைக்குப் போகலாம், இரண்டு வருஷம் சம்பாதித்துவிட்டு எல்.எல்.பி. சேரலாம். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஐந்தாண்டு முறைக்கு நாட்டிலேயே பேர் வாங்கிக் கொடுத்தது பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி. அவர்களே 2022-ல் பட்டதாரிகளுக்கான மூன்றாண்டு எல்.எல்.பி.யைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் சட்டப் பள்ளி என்பதே டிகிரி முடித்த பிறகு போகிற இடம். இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு வா என்று அந்த நாட்டு வழக்கறிஞர் சங்கம் எதையும் பரிந்துரைப்பதில்லை. எதிலிருந்து வேண்டுமானாலும் வரலாம் என்கிறது.

இதைச் சொன்னதும் பிள்ளைகள் பிடித்துக்கொள்வது "எதை வேண்டுமானாலும்" என்கிற வார்த்தையை. அப்படியானால் சுலபமாக மார்க் வருகிற எதையாவது எடுத்துவிடலாமே என்கிறார்கள். அங்கேதான் எனக்கும் அவர்களுக்கும் தகராறு.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெங்களூரு நெடுஞ்சாலை எங்களை ஒட்டிப் போகிறது. விபத்து இழப்பீட்டு வழக்குகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமே இல்லை. 32 வயதுக்காரர் ஒருவர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் காண்ட்ராக்ட் வேலை, மாதம் 15,000 ரூபாய் சம்பளம், வண்டி மோதி இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மனைவி, இரண்டு குழந்தைகள், தாயார். இழப்பீடு எப்படிக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் வரையறுத்துக் கொடுத்திருக்கிறது. நாற்பது வயதுக்குள் இருக்கிற, நிரந்தர வேலை இல்லாதவருக்கு எதிர்கால வருமான உயர்வுக்கென்று 40 சதவீதம் சேர்க்க வேண்டும். 15,000-த்தோடு 6,000 சேர்ந்து 21,000. அவரை நம்பியிருந்தவர்கள் நான்கு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். மீதி 15,750. ஆண்டுக்கு 1,89,000. 31 முதல் 35 வயதுக்குப் பெருக்குத்தொகை 16. மொத்தம் 30,24,000 ரூபாய். ஈமச் செலவு முதலிய மற்ற இனங்கள் தனி.

அந்த 40 சதவீதத்தைப் போடாமல் மனு வந்ததைப் பார்த்திருக்கிறேன். போடாவிட்டால் கணக்கு 21,60,000-ல் நின்றுவிடும். வித்தியாசம் 8,64,000 ரூபாய். நாலில் ஒரு பங்குக்குப் பதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவர்களும் உண்டு. நியாயமான இழப்பீட்டைத் தீர்ப்பாயம் தானாகவே கணக்குப் போட்டுக் கொடுக்கலாம், கொடுக்கவும் செய்கிறது. அதை நம்பியா ஒரு விதவையின் மனுவை எழுதுவது? பி.காம். படித்த பையனுக்கும் பி.எஸ்சி. கணிதம் படித்த பெண்ணுக்கும் இந்தக் கணக்கு ஐந்து நிமிஷ வேலை. செக் வழக்கு, புரோநோட்டு வழக்கு, கூட்டு வியாபாரம் பிரிகிற வழக்கு, ஜி.எஸ்.டி. நோட்டீஸ் எல்லாமே கடைசியில் யாரோ எழுதிய பேரேட்டைப் படிக்கிற காரியம்தான். பேரேடு படிக்கத் தெரிந்த வக்கீலுக்கு அம்பத்தூர், ஆவடி பக்கத்துச் சின்னத் தொழிற்சாலைகளே போதும், ஆயுசுக்கும் வேலை இருக்கும்.

அடுத்தது கெமிஸ்ட்ரி. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். எங்கள் ஊரையே உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். 1996 முதல் பத்து வருஷம் குத்தம்பாக்கம் பஞ்சாயத்துத் தலைவராக இருந்த இளங்கோ கெமிக்கல் இன்ஜினியர். வடிகால் கட்டும்போது, எஸ்டிமேட்டில் போட்டிருந்த கல்லை விட்டுவிட்டு, பக்கத்தில் கழிவாகக் கிடந்த கல்லைக் குறைந்த செலவில் பயன்படுத்தினார். விதிமீறல் என்று அவரைப் பதவியிலிருந்து இடைநீக்கம் செய்தார்கள். கிராம சபை அவர் பக்கம் நின்றது. பதவி திரும்பக் கிடைத்தது. விதியை மீறினாரா என்பது சட்டக் கேள்வி. அந்தக் கல் தாங்குமா, எஸ்டிமேட் ஏன் அவ்வளவு உப்பியிருந்தது என்பது இன்ஜினியர் கேள்வி. இரண்டாவதுக்குப் பதில் வைத்திருந்தவரிடம் முதலாவது கேள்வி கொஞ்சம் பணிந்துதான் பேசியது.

பிற்பாடு, எங்கள் மேய்க்கால் நிலத்தில் நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டுகிற திட்டம் வந்தபோது ஊரே எதிர்த்தது. வழக்கு வரைக்கும் போனது. செம்பரம்பாக்கம் ஏரி, முழுக்க நிரம்பினால் 3,645 மில்லியன் கன அடி பிடிக்கிற ஏரி, சென்னைக்குக் குடிநீர் கொடுக்கிற ஏரி, பக்கத்தில் இருக்கிறது. இந்த மாதிரி வழக்கில் "எங்கள் ஊர் நாறிவிடும்" என்று மனு எழுத யாராலும் முடியும். குப்பையிலிருந்து இறங்குகிற கசிநீரில் என்ன கலந்திருக்கும், அது எந்த மண்ணில் எவ்வளவு தூரம் போகும், எதிர்த்தரப்பு வைத்த லேப் ரிப்போர்ட்டில் எந்த அளவை எடுக்காமலே விட்டிருக்கிறார்கள் என்று கேட்கத் தெரிந்தவர் வேண்டும். அந்தக் கேள்வி சட்டக் கல்லூரியில் கிடைக்காது, பி.எஸ்சி. லேபில் கிடைக்கும்.

சயன்ஸ் டிகிரிக்குச் சட்டமே தனியாகத் திறந்து வைத்திருக்கிற ஒரு கதவும் உண்டு. காப்புரிமை முகவராகப் பதிவு செய்ய, காப்புரிமைச் சட்டத்தின் 126-வது பிரிவு அறிவியல், பொறியியல், தொழில்நுட்பம் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் கேட்கிறது. பி.ஏ.எல்.எல்.பி. முடித்தவர் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் அதற்கான தேர்வை எழுத முடியாது. பி.எஸ்சி. முடித்து எல்.எல்.பி. படித்தவரால் இரண்டு பக்கமும் நிற்க முடியும். காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது, பூந்தமல்லியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்துக்கு நோவார்டிஸ் கம்பெனி கேட்ட காப்புரிமையை 2006-ல் மறுத்தது இந்தச் சென்னை அலுவலகம்தான். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அந்த மறுப்பை உறுதி செய்தது. வழக்கின் உயிர்நாடி ஒரு ரசாயனப் பொருளின் படிக வடிவம். தெரிந்த மருந்தின் புது வடிவம் நோய்க்குக் கூடுதலாகக் குணம் தருகிறதா இல்லையா என்பதுதான் சண்டை. கெமிஸ்ட்ரி ஆகாதவர் அந்தக் கட்டில் பத்துப் பக்கம் தாண்ட முடியாது. உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி, பிற்பாடு நமக்கு கவர்னராக வந்த பாத்திமா பீவி, வேதியியல் பட்டதாரி என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

இப்போது சரித்திரம். "ஹிஸ்டரி எடுத்தா என்ன வேலை கிடைக்கும்" என்று கேட்கப்பட்டே அடிபட்ட பாடம். எனக்கு இதில் தனிப் பிரியம். 1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமன்ஹீர் இந்த ஜில்லாவின் ஒடுக்கப்பட்ட மக்களைப் பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். கூலியாகவே காலம் தள்ளுகிறவர்களுக்குச் சொந்த நிலம் வேண்டும் என்பது அதன் சாரம். 1892-ல் ஆணை வந்தது. அப்படிக் கொடுத்ததைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது; அதற்குப் பிறகும் அதே ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. குத்தம்பாக்கமும் பூந்தமல்லியும் திருவள்ளூரும் அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. 1997-ல்தான் திருவள்ளூர் மாவட்டம் தனியானது. ஆக, அந்த ஆணை எங்கள் மண்ணைப் பார்த்து எழுதப்பட்டது.

இன்றைக்கு ஒரு நிலம் பஞ்சமியா இல்லையா என்று வழக்கு வந்தால் கம்ப்யூட்டர் சிட்டாவைப் பார்த்து ஒன்றும் தெரியாது. 'ஏ' பதிவேடு, பழைய செட்டில்மென்ட் பதிவேடு, ஒப்படை உத்தரவு என்று பின்னோக்கிப் போக வேண்டும். சில சமயம் எழும்பூர் ஆவணக் காப்பகம் வரைக்கும் போய், அந்தக் காலத்து இங்கிலீஷ் கையெழுத்தில் உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு காகிதத்தை யார், எப்போது, எதற்காக எழுதினார்கள் என்று கேட்டுப் பழகினவர்கள் சரித்திர மாணவர்கள். நல்ல குறுக்கு விசாரணையும் அந்தக் கேள்விதான். பி.ஏ. வரலாறு எடுத்தவர்களில் எத்தனை பேர் காப்பகத்தின் படி ஏறியிருக்கிறார்கள் என்று கேட்டுவிடாதீர்கள். அது கல்லூரிகளின் பாவம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆங்கில இலக்கியம் படித்தால் ஹைகோர்ட் பயம் போகும். அங்கே இன்னும் ஆங்கிலம்தான். வருமான வரிச் சட்டத்தில் கரை கண்ட நானி பல்கிவாலா எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர். தமிழ் இலக்கியம் எடுத்தவரையும் குறைத்து எடைபோட வேண்டாம். கீழமை நீதிமன்றத்தில் பிராது தமிழில் வரலாம், வருகிறது. யார் யாரை அடித்தார் என்றே புரியாத தமிழில் வந்த பிராதுகளைப் படித்து நொந்தவன் நான். பொருளாதாரம் நல்ல பாடம். அம்பேத்கர் சட்டத்துக்கு வந்தது அந்த வழியில். அரசியல் அறிவியல் பிடித்திருந்தால் படிக்கட்டும். வக்கீலுக்கு அதுதான் சரி என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக வேண்டாம். அரசியலமைப்புச் சட்டத்தைச் சட்டக் கல்லூரியில் மறுபடியும் முதலிலிருந்துதான் நடத்துவார்கள்.

கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தவர்கள் "எங்களுக்கும் சட்டத்துக்கும் சம்பந்தமில்லை" என்று நினைக்கிறார்கள். நிலைமை தலைகீழ். புது சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சி.சி.டி.வி. பதிவையோ வாட்ஸ்அப் செய்தியையோ தாக்கல் செய்யும்போது சான்றிதழில் அந்தக் கோப்பின் ஹேஷ் மதிப்பைக் குறிப்பிட வேண்டும். சீனியர்கள் பலர் அதை எடுக்க ஜூனியரைத்தான் கூப்பிடுகிறார்கள்.

புது சட்டம் என்றதும் ஞாபகம் வருகிறது. 302 என்றால் கொலை, 420 என்றால் மோசடி என்று நாங்கள் வாழ்நாள் பூராவும் எழுதினோம். 2024 ஜூலை 1 முதல் கொலை 103, மோசடி 318. மூன்று பெரிய சட்டங்களின் எண்களும் ஒரே நாளில் மாறின. நம்பர் தெரிந்ததுதான் சட்டம் என்று இருந்தவர்கள் அன்றைக்குத் திணறினார்கள். பள்ளிக்கூடத்திலேயே ஐ.பி.சி. புத்தகம் வாங்கி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்கிற பிள்ளைகளைப் பற்றி எனக்கு இருக்கிற கவலை இதுதான்.

குறை பிள்ளைகள் மேல் மட்டும் இல்லை. மூன்றாண்டு எல்.எல்.பி.க்கு டிகிரி மார்க்கைத்தான் பார்ப்போம் என்று வைத்துவிட்டு, கஷ்டமான பாடத்தை எடு என்று அறிவுரை சொன்னால் யார் கேட்பார்கள்? பி.எஸ்சி. இயற்பியலில் 62 வாங்கிய பெண், எளிதில் மார்க் விழுகிற ஏதோ ஒன்றில் 85 வாங்கிய பையனுக்குப் பின்னால் நிற்கிறாள். இதற்காக நுழைவுத் தேர்வு வைக்கச் சொல்ல மாட்டேன். தேர்வு வந்த மறுமாதமே பூந்தமல்லி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் கோச்சிங் சென்டர் போர்டு ஏறும்; கட்டணம் கட்ட முடிந்தவன் உள்ளே போவான். பாடத்துக்குப் பாடம் மார்க்கைச் சமன் செய்து தரவரிசை போடுவது பெரிய வித்தை இல்லை. பள்ளித் தேர்வு வாரியங்களுக்கு இடையே அப்படிச் சமன் செய்த பழக்கம் இந்த மாநிலத்துக்கு இருக்கிறது. சட்டப் பல்கலைக்கழகம் அதைச் செய்யலாம்.

"ஆறு வருஷம் ஆயிடுமே சார்" என்பதுதான் அப்பாக்களின் கடைசி அஸ்திரம். ஆகும். ஐந்துக்கும் ஆறுக்கும் ஒரு வருஷம் வித்தியாசம். சிவில் நீதிபதி தேர்வு எழுத மூன்று வருஷம் தொழில் செய்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் சொல்லிவிட்டது. ஆகவே ஐந்தாண்டு முடித்தவரும் உடனே நீதிபதி தேர்வுக்கு உட்கார முடியாது. பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிகிற கட்டணம் ஒரு பெரிய பாரமாக இருந்தது; 2024 ஜூலையில் வந்த தீர்ப்புக்குப் பிறகு பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய்க்கும் பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கும் மேல் வாங்கக் கூடாது. ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் கொடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூனில் சொன்னது. அது எத்தனை சீனியர்களின் காதில் விழுந்தது என்பதை ஜூனியர்களிடம்தான் கேட்க வேண்டும். இந்த முதல் சில வருஷங்களைத் தாக்குப்பிடிக்கத்தான் சொல்கிறேன், கையில் வேறொரு டிகிரி இருக்கட்டும் என்று. பி.காம். படித்த ஜூனியர் சாயந்திரம் இரண்டு கடைக்குக் கணக்கு எழுதிக்கொடுத்துக் காலம் தள்ளுவார். பி.எஸ்சி. கணிதம் என்றால் டியூஷன் இருக்கிறது. வேறெதுவும் இல்லாதவர் முதல் வருஷமே சோர்ந்துபோய், கோர்ட் பக்கம் வருவதைக் குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரு யோசனை. நான்-மேஜர் எலெக்டிவ் என்று எல்லா மாணவர்களும் வேறு துறையில் ஒரு பேப்பர் எடுக்கிறார்கள். அதில் ஒரு பேப்பரை வருவாய்த்துறை ஆவணம் படிப்பதற்கு ஒதுக்கலாம்: பட்டா, சிட்டா, அடங்கல், புலப்படம், வில்லங்கச் சான்று, ஏர்-சென்ட் கணக்கு. இன்னொன்றை, ஒரு காலத்தில் இன்டர்மீடியட்டிலேயே சொல்லிக்கொடுத்த தருக்க சாஸ்திரத்துக்குக் கொடுக்கலாம். வக்கீலாகப் போகாத பிள்ளைக்கும் வீட்டுப் பத்திரத்தைப் படிக்க முதல் பேப்பர் உதவும். நடத்த ஆள் இல்லை என்பார்கள். ஓய்வு பெற்ற சர்வேயர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும் திருமழிசையிலிருந்து வெள்ளவேடு வரைக்கும் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மணிக்கு இவ்வளவு என்று கௌரவ ஊதியம் போட்டால் அடுத்த ஜூனிலேயே வகுப்பை ஆரம்பித்துவிடலாம்.